ஊன்றுகோலும் உரையும்

முதுமை வேறு, தளர்ச்சி வேறு. இவ்வுண்மையைச் சங்கப் புலவர் ஒருவரின் வாழ்வு காட்டுகின்றது. உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டிற் பதிப்பித்த புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடிய அவரது இயற்பெயர் மறைந்துவிட்டது. பூணிட்ட தலையையுடைய ஊன்றுகோலைத் தம் பாட்டிற் குறித்தமையால், தொடித்தலை விழுத்தண்டினார் என அக்கோலே அவருக்குப் பெயராயிற்று.

இளமையில், நீர்மேற் படிந்த மருதமரக் கிளையேறி, கரையிலுள்ளோர் மருள மடுவிற் குதித்து, அடிமணலை அள்ளிவந்ததை அவர் நினைக்கின்றார். இன்றோ கோலூன்றி நடுங்குகின்றார். இருமலுக்கிடையே சில சொற்களே வருகின்றன.

மருத்துவ அறிஞர் லிண்டா பிரீடும் குழுவினரும் 2001ஆம் ஆண்டில் தளர்ச்சிக்கு ஐந்து குறிகளை வகுத்தனர்: முயலாமலே உடல் மெலிதல், அயர்ச்சி, கைப்பிடி வலுக் குன்றுதல், நடை மந்தமாதல், உடலுழைப்புக் குறைதல். இவற்றுள் மூன்றேனும் பொருந்தினால் அது தளர்ச்சி என்றனர். அகவை அக்குறிகளுள் ஒன்றன்று. நினைவு மங்குதலும் அன்று.

நம் புலவருக்கும் உடல்தான் நடுங்கியது, நினைவு நடுங்கவில்லை. முதியோரின் இருமலை மட்டும் கேட்டு எழுந்து போவோர், அதனிடையே வரும் சொற்களை இழக்கின்றனர். அத்தகைய சில சொற்களே நூற்றாண்டுகள் பல கடந்து இன்றும் நம்மிடையே வாழ்கின்றன.