கயிறு கட்டிய அட்டிகை

பேத்திக்குத் தை மாதம் கல்யாணம். என் அம்மாவின் சிவப்புக்கல் அட்டிகையைப் போட்டுவிட்டு, மாடர்ன் டிசைனில் லேசாக ஒன்று வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு. கடையில் கல்லைக் கழித்தார்கள், அரக்கைக் கழித்தார்கள். பின்பக்கத்துப் பட்டுக் கயிற்றைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நாளை வருகிறோம் என்று பாரிவாக்கம் திரும்பிவிட்டோம்.

அதென்ன மாடர்ன் டிசைன்? நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். முப்பது வருஷ குமாஸ்தா உத்தியோகத்தில் அந்த மொழி ஒரு நாளும் உதவவில்லை. இப்போது உதவியது. பாரிஸ் நகைக்கடை கார்ட்டியர் பற்றிய பிரெஞ்சு நூல் ஒன்றோடு உட்கார்ந்தேன்.

1911 டில்லி தர்பாருக்கு அந்தக் குடும்பத்து ஜாக் கார்ட்டியர் வந்திருக்கிறார். நம் ராஜாக்களுக்கோ பாரிஸ் மோகம். பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் 1925-ல் பரம்பரைக் கற்களை அங்கே அனுப்பினார். 1928-ல் பிளாட்டினத்தில் 2,930 வைரங்களோடு ஒரு மாலை தயாரானது.

அதே சமயம் பாரிஸுக்கு நம் மோகம்! 1936-ல் டெய்சி ஃபெலோஸ் என்ற சீமாட்டிக்கு, இலை இலையாகச் செதுக்கிய மரகதம், கெம்பு, நீலம் வைத்து ஒரு கழுத்தணி செய்தார்கள். பெயர் 'கொலியே ஏந்தூ'. இந்து மாலை என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அந்தக் காலப் பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு இந்தியா சம்பந்தப்பட்டது என்றுதான் அர்த்தம். (கொலியே என்பது நாயின் கழுத்துப்பட்டைக்கும் சொல்வதுதான்.) அதற்குக் கொக்கி கிடையாது. நம் அட்டிகை மாதிரியே பிடரியில் கயிறு கட்டுவது. அவர் காலமான பின், 1963-ல், மகளுக்காக மாற்றி அமைத்தபோதுதான் கயிறு போய்க் கொக்கி வந்தது.

1963 என்றதும் எனக்குப் பூந்தமல்லி மாமா வீட்டுத் தெருவில் இருந்த பத்தர்தான் ஞாபகம். சீனப் போருக்குப் பிறகு, அந்த வருஷம் ஜனவரியில், நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. 22 காரட்டில் நூறு பங்குக்கு ஏறக்குறைய 92 பங்கு தங்கம் என்றால், இதில் 58 பங்குதான். கலப்பு கூடினால் தங்கம் கெட்டிப்படும். கல்லைச் சுற்றி விளிம்பை அமுக்க வராது என்று பத்தர் புலம்புவார். அடுத்த கோடை விடுமுறைக்குப் போனபோது குமுட்டி அடுப்பும் ஊதுகுழலும் திண்ணையில் இல்லை. பையன் சைக்கிள் கடைக்குப் போய்விட்டானாம். 14 காரட் நிபந்தனை 1966-ல் நீங்கியது. 1968-ல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை இருந்தது. அவர் திரும்பி வரவில்லை.

இதையெல்லாம் சொல்லி, அந்த 1936 மாலையின் படத்தைப் பேத்தியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "தாத்தா, நம்மளதுல கயிறு ரொம்ப நைஞ்சு போச்சே" என்றாள். மறுநாள் யாரும் கடைக்குப் போகவில்லை.

பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் அட்டிகைக்குப் பட்டுக் கயிறு கட்டித் தருபவர் யாராவது இருந்தால் தெரிவியுங்கள்.