பார்ப்பவர் பாதி, நடப்பவர் பாதி: அயர்லாந்தின் சின்ன ஊர் ஊர்வலம்

மார்ச் 17, புனித பேட்ரிக் தினம். அயர்லாந்து முழுவதும் அன்று விடுமுறை. டப்ளின் நகரத்தின் பிரம்மாண்டமான ஊர்வலத்தைப் பல நாட்டுக்காரர்கள் தொலைக்காட்சியில் பார்ப்பார்கள். ஆனால் அந்த நாட்டு மக்களை நெருக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால், ஒரே ஒரு பெரிய தெரு மட்டும் உள்ள ஏதாவது ஒரு சின்ன ஊருக்குத்தான் போக வேண்டும்.

அங்கே மேடை என்பது பெரும்பாலும் தெருவோரம் நிறுத்திய லாரியின் பின்பகுதிதான். அதில் நின்றபடி ஒருவர் மைக்கில் "இதோ வருகிறார்கள்" என்று அறிவித்துக்கொண்டே இருப்பார். முதலில் பேண்டு வாத்தியம். பிறகு பள்ளிப் பிள்ளைகள், கேலிக் கால்பந்து ஆடும் சிறுவர்கள், தீயணைப்பு வண்டி, உள்ளூர் கடைக்காரர்கள் ஜோடித்து அனுப்பிய வண்டிகள், கடைசியில் வரிசையாக டிராக்டர்கள்! மார்ச் மாதக் குளிரில், கோட்டில் ஷாம்ராக் இலையைக் குத்திக்கொண்டு, ஓரமாக நிற்கும் கூட்டம் தன் வீட்டுப் பிள்ளையைத் தேடும். ஊரில் பாதிப் பேர் நடக்கிறார்கள், மீதிப் பேர் பார்க்கிறார்கள். அவ்வளவுதான்!

இது பல நூற்றாண்டுப் பழக்கம் என்று பலர் நினைப்பதுண்டு. ஆனால் புனிதர்தான் பழையவர், ஊர்வலம் புதியது. பேட்ரிக் 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். பிரிட்டனில் பிறந்து, பதினாறு வயதில் கடத்தப்பட்டு, அயர்லாந்தில் அடிமையாக ஆடு மேய்த்தவர். தப்பித்துப் போன பிறகும், அதே நாட்டுக்கு மதபோதகராகத் திரும்பி வந்தார். அவர் நினைவு நாளில் அயர்லாந்துக்காரர்கள் காலையில் தேவாலயத்துக்குப் போவார்கள், பிறகு வீட்டில் விருந்து. தெருவில் ஊர்வலம் போகும் பழக்கத்தை வளர்த்தவர்கள் வெளிநாடு போன அயர்லாந்துக்காரர்கள். நியூயார்க்கில் 1762-லேயே ஊர்வலம் நடந்தது. 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், இன்னும் 10 லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். அந்நிய மண்ணில் "நாங்களும் இருக்கிறோம்" என்று காட்ட அவர்களுக்கு இந்த ஊர்வலம் தேவைப்பட்டது.

தாய்நாட்டில் இது 1903-ல்தான் பொது விடுமுறையானது. அதே ஆண்டு வாட்டர்ஃபோர்டு நகரில் நடந்ததையே அயர்லாந்தின் முதல் ஊர்வலம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 1950-களில் டப்ளின் ஊர்வலம் கிட்டத்தட்ட ஒரு வணிகக் கண்காட்சி. உள்நாட்டுத் தொழிற்சாலைகள் தங்கள் பொருட்களை லாரிகளில் ஏற்றி வந்து காட்டின. சின்ன ஊர்களில் இன்றும் கடைக்காரர்களின் வண்டிகள் வருவதைப் பார்த்தால் அந்தக் காலம் நினைவுக்கு வரும்.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கதை உண்டு. கெர்ரி பகுதியின் டிங்கிளில் காலை 6 மணிக்கே குழலும் முரசும் கிளம்பிவிடும். 19-ஆம் நூற்றாண்டின் நில உரிமைப் போராட்டக் காலத்தில் கூட்டம் கூடத் தடை இருந்ததாம். அதை ஏமாற்றத்தான் இந்த விடியற்காலை ஏற்பாடு என்று சொல்கிறார்கள். கார்க் பகுதியின் ட்ரிப்சி கிராமத்திலோ, 1999 முதல் சில ஆண்டுகள் ஒரு பப்பிலிருந்து இன்னொரு பப் வரை மட்டுமே ஊர்வலம் போனது. "உலகின் மிகச் சிறிய ஊர்வலம்" என்று அதற்குப் பெயர். இரண்டில் ஒரு பப் மூடப்பட்டதும் ஊர்வலமும் நின்றுபோனது!

இந்த ஊர்வலத்தின் மதிப்பு தெரிந்தது அது நடக்காத ஆண்டுகளில்தான். 2001 பிப்ரவரியில் பிரிட்டனில் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியது. அயர்லாந்தில் மனிதர்களை விட மாடுகள் அதிகம். நோய் உள்ளே வந்தால் எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பே போய்விடும். கூட்டம் சேர்ந்தால் செருப்பிலும் சக்கரத்திலும் கிருமி ஊர் ஊராகப் போகலாம். அதனால் நாடெங்கும் ஊர்வலங்கள் ரத்தாயின. டப்ளின் விழா மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. அப்போது அயர்லாந்துக் குடியரசில் ஒரு மாட்டுக்கோ ஆட்டுக்கோ கூட நோய் உறுதியாகவில்லை. இவ்வளவு பயம் தேவையா என்று கேட்டிருக்கலாம். ஆனால் மார்ச் 22 அன்று, அதாவது ஐந்தே நாளில், லவுத் பகுதியில் நோய் உறுதியானது. குடியரசில் அந்த ஓர் இடத்தோடு அது நின்றுவிட்டது.

2020-லும் 2021-லும் கொரோனாவால் மீண்டும் தெருக்கள் காலியாயின. பல வீடுகளில் குழந்தைகள் முற்றத்திலேயே கொடி பிடித்து ஊர்வலம் போனார்கள், பெற்றோர் வாசலில் நின்று கைதட்டினார்கள். 2022-ல் ஊர்வலங்கள் திரும்பின.

பெருநகரத்தில் பார்வையாளர் முகம் தெரியாதவர். சின்ன ஊரில் நடப்பவருக்கும் நிற்பவருக்கும் ஒருவரையொருவர் தெரியும். யார் வளர்ந்துவிட்டார்கள், யார் வெளிநாடு போய்விட்டார்கள், போன வருடம் நின்ற இடத்தில் இப்போது யார் இல்லை என்பதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஒரு ஊர் வருடத்துக்கு ஒரு முறை தன்னைத் தானே எண்ணிப் பார்த்துக்கொள்வது போலத்தான் இது. பஞ்சத்தாலும் பிழைப்பு தேடியும் தலைமுறை தலைமுறையாக ஆட்களை இழந்த நாட்டில், அந்தக் கணக்கு சாதாரண விஷயமல்ல.