போரும் பந்தயமும்

1987ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்தோறும் ஒரே கேள்வி எழுந்து நின்றது: இந்தியா வருமா, வாராதா? வடமராட்சியில் மே 26ஆம் நாள் தொடங்கிய படைநடவடிக்கையினால் மக்கள் கலங்கியிருந்த காலம் அது. ஜூன் 3ஆம் நாள் இராமேசுவரத்திலிருந்து உணவும் மருந்தும் ஏற்றி வந்த படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானப்படையின் சரக்கு விமானங்கள் ஐந்து, மிராஜ் போர்விமானங்களின் காவலோடு வந்து, ஏறத்தாழ 25 தொன் நிவாரணப் பொருள்களைக் குடாநாட்டின்மீது போட்டுச் சென்றன. அயல்நாடு ஒன்றின் விமானங்கள் இசைவின்றி வான்வெளியிற் புகுந்தது கண்டு கொழும்பு கொதித்தது. எட்டு வாரங்களுக்குள், ஜூலை 29ஆம் நாள், இருநாட்டு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று.

குடாநாட்டின் வடமேற்கே, மாதகற் கடலுக்கு அண்மையில் அமைந்த பண்டத்தரிப்புப் போன்ற ஓர் ஊரில் அக்கேள்வி வெறும் ஆவலிற் பிறந்ததன்று. வீட்டில் இருப்பதா, பிள்ளைகளோடு வேறிடம் பெயர்வதா, பானையில் உள்ள அரிசியை எத்தனை நாளைக்கு வைத்து உண்பது என்பன யாவும் அதன் விடையிலேயே தங்கியிருந்தன. அத்தகைய கேள்விக்கு நாழிகைதோறும் விலை குறித்து, உலகின் எம்மூலையில் இருப்போரும் வாங்கவும் விற்கவும் இடந்தரும் இணையச் சந்தை அன்று இல்லை, இன்று உண்டு. அயல்நாடுகள் இரண்டு ஒன்றையொன்று தாக்குமா, தாக்கின் எந்நாளிலே தாக்கும் என்பவற்றின்மீது பந்தயம் கட்டும் இவ்வழக்கம் புதுமைபோலத் தோன்றினும், இதன் வேர் பழையது. அவ்வேரைச் சற்றே அகழ்ந்து பார்த்தல் பயனுடையது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இலண்டன் மாநகரிலே, லொயிட்ஸ் என்னும் கோப்பிக் கடையில் கப்பற் காப்புறுதி செய்வோர் கூடுவர். கடலிற் செல்லும் கப்பலுக்கு நேரக்கூடிய இடரைப் பலர் பங்கிட்டுத் தாங்குதல் நல்லதொரு ஏற்பாடே. ஆயின் நாளடைவில், கப்பலில் ஒரு பலகைதானும் தமக்கு உரித்தில்லாதோர் அது மூழ்குமென்று காப்புறுதிப் பத்திரம் வாங்கலாயினர். கப்பல் மூழ்கினால் இவர்களுக்கு இலாபம். இம்முறை கப்பலோடு நில்லாமல், போர் மூளுமா, கோட்டை வீழுமா, இன்ன பிரபு இறப்பாரா என்னும் பொருள்கள்மீதும் படர்ந்தது. இதன் தீமையை உணர்ந்த பாராளுமன்றம் 1745இல் கப்பல்களைக் குறித்தும், 1774இல் மனித உயிரையும் பிற நிகழ்ச்சிகளையும் குறித்தும் சட்டங்கள் இயற்றியது. காப்புறுதி செய்வோனுக்கு அப்பொருளில் உண்மையான உரித்து இருத்தல் வேண்டும் என்பதே அவற்றின் சாரம்.

இந்த வேறுபாடு சிறியதன்று. 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைக் குண்டெறிந்து எரித்தது. அக்கப்பலின் பெயர் தமிழிலே சூழ்ச்சியில் வல்லவனைக் குறிக்கும் சொல்லாகவே நிலைத்துவிட்டது. நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவருகே அது அழிக்கப்படும்வரை வங்கக் கடலிற் சரக்கனுப்பும் வணிகன் போர்க்காப்புறுதிக்காகப் பணங் கட்டினான். தன் கப்பல் பத்திரமாகக் கரைசேர்ந்து, கட்டிய பணம் வீணாகப் போவதையே அவன் விரும்பினான். பந்தயக்காரனின் விருப்பமோ இதற்கு நேர்மாறானது. இருவரும் ஒரே ஆபத்தை நோக்கிப் பணம் வைத்தோரே. எனினும் ஒருவன் ஆபத்து நீங்க வேண்டுகிறான், மற்றவன் அது வந்துசேரக் காத்திருக்கிறான்.

பந்தயம் மனிதனின் விருப்பத்தை எவ்வாறு திரிக்கும் என்பதற்கு ஆங்கில நீதிமன்ற வரலாற்றில் அரியதோர் வழக்கு உளது. 1802ஆம் ஆண்டு, பிரான்சுடன் சமாதானம் நிலவிய வேளையில், சேர் மார்க் சைக்ஸ் என்பார் தம் இல்லத்தில் ஒரு விருந்து நடத்தினார். நெப்போலியனின் உயிருக்கு உள்ள ஆபத்தைப் பற்றிப் பேச்செழுந்தது. எவரேனும் நூறு கினி தந்தால், நெப்போலியன் உயிரோடிருக்கும் நாள்வரை நாளொன்றுக்கு ஒரு கினி கொடுப்பதாக அவர் கூறினார். விருந்துக்கு வந்திருந்த கில்பேட் என்னும் மதகுரு அதனை ஏற்றுப் பணத்தையும் கொடுத்தார். அடுத்த ஆண்டே மீண்டும் போர் மூண்டது. நெப்போலியனோ நலமாகவே இருந்தான். இரண்டரை ஆண்டுகள் நாட்கூலிபோலக் கினிகளைக் கொடுத்த பிரபு 1804இன் இறுதியில் நிறுத்திக்கொண்டார். மதகுரு வழக்காடினார்.

1812இல் பிரதம நீதியரசர் எலன்பரோ பிரபு முதலானோர் அப்பந்தயம் செல்லாதென்றனர். அவர்கள் காட்டிய காரணங்கள் இன்றும் பழமையடையவில்லை. தன் நாட்டின்மீது படையெடுக்கக்கூடிய பகைவன் நீடு வாழ்தலே குடிமகன் ஒருவனுக்கு வருவாயாகுமெனின், அவனுடைய நாட்டுப்பற்று என்னாகும்? மறுபக்கத்தில் இருப்பவனுக்கோ, அப்பகைவனைக் கொலை செய்வித்தலே இலாபமாகும். விருந்து மேசையில் விளையாட்டாகப் பிறந்த சொல், ஒருவரைப் பகைவனின் நலம் நாடுபவராகவும், மற்றவரைக் கொலை விரும்புபவராகவும் ஆக்கிவிட்டது. இருவரும் தீயோர் அல்லர். பந்தயத்தின் அமைப்பே அவர்களை அங்கு கொண்டுபோய் நிறுத்தியது.

போர்ச் செய்தியைப் பணமாக்குவோர் செய்தியைப் புனையவும் தயங்கார். 1814ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆம் நாள் டோவர்த் துறைமுகத்தில் படை உடை தரித்த ஒருவன் தோன்றி, நெப்போலியன் கொல்லப்பட்டான் என்று அறிவித்தான். இலண்டனில் அரசாங்கக் கடன்பத்திரங்களின் விலை ஏறிற்று. பொய் வெளிப்படுமுன் விற்றவர்கள் இலாபம் கண்டனர். புகழ்பெற்ற கடற்படைத் தளபதி கொக்கிரேன் பிரபுவும் இதில் தண்டிக்கப்பட்டார். தாம் குற்றமற்றவர் என்றே வாதிட்டு வந்த அவருக்கு 1832இல் மன்னிப்பு வழங்கப்பட்டது.

இந்தியாவிலும் இதன் சாயல் இல்லாமலில்லை. கல்கத்தாவில் அரசாங்கம் ஏலமிடும் அபின் என்ன விலைபோகும் என்பதன்மீது பம்பாய் வணிகர் பெருந்தொகை பந்தயம் வைத்தனர். அவ்வழக்கு கோமறைக் கழகம்வரை சென்று, 1848இல் அப்பந்தயம் செல்லுமென்றே தீர்ப்பாயிற்று. அவ்வாண்டிலேயே இந்தியாவில் பந்தய ஒப்பந்தங்களைச் செல்லாதனவாக்கும் சட்டம் பிறந்தது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் அந்நெறியைப் பின்பற்றியது. இலங்கையில் 1889ஆம் ஆண்டு சூதாட்டக் கட்டளைச் சட்டம் வந்தது. இவற்றிற்கெல்லாம் பன்னூற்றாண்டுகள் முன்னரே சூதின் தீமைக்கென வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்திருந்தமை தமிழர் அறிந்ததே.

இக்காலத்து ஊகச் சந்தையின் இயக்கம் எளிது. ஒரு நிகழ்ச்சி குறித்த நாளுக்குள் நடந்தால் ஒரு டொலர் பெறுமதியாகும் சீட்டு ஒன்று விற்கப்படுகிறது. நடவாவிடின் அது வெற்றுத்தாள். சீட்டின் விலை முப்பது சதமெனின், நூற்றுக்கு முப்பது பங்கு வாய்ப்பு உண்டென்று சந்தை கருதுகிறது. பலரிடம் சிதறிக் கிடக்கும் அறிவை விலை ஒன்றே திரட்டித் தரும் என்பது இதனை ஆதரிப்போர் வாதம். 1988 முதல் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகம் தேர்தல்கள் குறித்து நடத்திய சிறு சந்தை, பல வேளைகளிற் கருத்துக் கணிப்புகளையும் விஞ்சியது உண்மையே. அவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் தேர்தலும் போரும் ஒன்றல்ல. தேர்தலின் முடிவைப் பல இலட்சம் பேர் வெளிப்படையாகத் தீர்மானிக்கின்றனர். தாக்குதலின் நாளைச் சிலர் மறைவிலே தீர்மானிக்கின்றனர்.

2003ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்புத் திணைக்களமே மத்திய கிழக்கின் எட்டு நாடுகளைக் குறித்து இத்தகைய சந்தை ஒன்றை ஏற்படுத்த முனைந்தது. ஜூலை 28ஆம் நாள் மூதவை உறுப்பினர்களான வைடனும் டோர்கனும் அதனை வெளிப்படுத்திக் கண்டித்தனர். மறுநாளே திட்டம் கைவிடப்பட்டது. 2010இல் இயற்றப்பட்ட நிதிச் சட்டம், போர், கொலை, பயங்கரவாதம் என்பவற்றின்மீதான ஒப்பந்தங்களைத் தடுக்கும் அதிகாரத்தை அந்நாட்டு ஆணைக்குழுவுக்கு அளித்தது. ஆனால் 2020இல் தோன்றிய பொலிமார்க்கெற் போன்ற இணையச் சந்தைகள் எல்லை கடந்து இயங்குவன. 2025 ஏப்ரல் 22ஆம் நாள் பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பின்னர், இந்தியா பாகிஸ்தானைத் தாக்குமா என்பதன்மீது அங்கே பந்தயம் நடந்தது. மே 7ஆம் நாள் தாக்குதல் நிகழ்ந்தது. 10ஆம் நாள் போர்நிறுத்தம் வந்தது. இடைப்பட்ட நாள்களில் எல்லைக்கு இருபுறத்தும் மக்கள் மாண்டனர். 2026 பெப்ரவரியில், படை இரகசியங்களை அறிந்து இச்சந்தையிற் பந்தயம் வைத்ததாக இஸ்ரேலில் ஒரு சேமப்படையாளர்மீதும் ஒரு குடிமகன்மீதும் குற்றஞ் சாட்டப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் எலன்பரோ பிரபு அஞ்சியதும், டோவரில் நிகழ்ந்ததும் வேறு உருவில் மீண்டும் வந்துள்ளன.

தாக்குதல் என்னும் சொல்லின் பொருளை வலிகாமத்து மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 1995ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், படைநகர்வினால் இடம்பெயர்ந்து நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர்மீது விமானக் குண்டுகள் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரேயிரவிற் புறப்பட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தது. அந்நாள்களிலும் "இன்று வருமா, நாளை வருமா?" என்று கேட்டவர்கள் பலர். அவர்கள் கேட்டது ஓடித் தப்புவதற்காக.

வருவதை முன்னறிய விரும்புதல் மனித இயல்பு. உழவன் மேகத்தைப் பார்க்கிறான். மீனவன் காற்றைப் பார்க்கிறான். முன்னறிவினால் ஒருவன் தன் அயலானை எச்சரித்தால் அஃது அறிவு. அயலானின் கூரை எரியும் நாளைக் குறித்துப் பணம் வைத்துவிட்டு, எரியும்வரை வாய்மூடிக் காத்திருந்தால், அதற்குச் சந்தை என்று பெயரிட்டாலும் அது சூதே. அன்றைய நீதியரசர்கள் அதனைக் கண்டுகொள்ள ஒரு மதகுருவின் வழக்குப் போதுமானதாயிருந்தது. இன்றைய அரசுகளுக்கும் அதனை உணர்த்தப் போதிய சான்றுகள் வரலாற்றிலே உள்ளன.