தாய்மொழியில் உலகம்: ஜபாவுவின் பயண நூல்கள்

தென்னாப்பிரிக்கப் பயண இலக்கியம் என்றதும் ஆங்கில நூல்களே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், ஆங்கிலத்தில் பெரும்புலமை பெற்ற கல்வியாளர் ஒருவர் தம் பயணங்களைத் தாய்மொழியாகிய கோசாவில் எழுதினார். அவர் டேவிட்சன் டான் டெங்கோ ஜபாவு (1885–1959).

1884இல் ‘இம்வோ’ என்னும் கோசா செய்தித்தாளைத் தொடங்கிய ஜான் டெங்கோ ஜபாவு இவருடைய தந்தை. மகன் 1912இல் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். 1916இல் கறுப்பின மாணவர்களுக்காக ஃபோர்ட் ஹேரில் கல்லூரி தொடங்கப்பட்டபோது, அதன் முதல் ஆசிரியர்களுள் ஒருவராகி, கோசாவையும் இலத்தீனையும் கற்பித்தார்.

1928இல் எருசலேமில் கூடிய கிறித்துவ மாநாட்டுக்கும், 1931இல் அமெரிக்காவுக்கும், 1949இல் இந்தியாவில் நடந்த உலக அமைதியாளர் கூட்டத்திற்கும் சென்றார். முறையே ‘எ-ஜெருசலேம்’ (1928), ‘எ-அமெரிகா’ (1932), ‘எ-இந்தியா நசெ ஈஸ்ட் ஆப்பிரிக்கா’ (1951) என்னும் நூல்கள் பிறந்தன.

இந்நூற்பெயர்களே மொழியியல் மாணவர்க்கு ஒரு பாடம். தமிழில் ஏழாம் வேற்றுமை உருபு பெயருக்குப் பின் வரும். கோசாவில் ‘எ’ என்னும் இடப்பொருள் ஒட்டு பெயருக்கு முன் வரும். ‘எ-ஜெருசலேம்’ என்றால் ‘எருசலேமில்’ என்பது பொருள். ‘நசெ’ என்பதிலோ ‘ந’ நம் எண்ணும்மையை ஒத்தது. ‘ச்’ நம் உடம்படுமெய்போல் இடையில் நிற்கிறது. இறுதியில் இருப்பது அதே ‘எ’. ஆகவே, ‘இந்தியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும்’ என்பதே தலைப்பு. ‘ஈஸ்ட் ஆப்பிரிக்கா’ என்னும் ஆங்கிலப் பெயர் அப்படியே நுழைந்தது. அதனை ஏற்றுக்கொண்ட இலக்கணம் கோசாவினுடையது. கடன்சொல் கண்டு அஞ்சுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

கோசாவில் எழுதியதன்வழி, தம் வாசகர் யார் என்பதையும் ஜபாவு தீர்மானித்தார். கடல் கடக்கும் வாய்ப்பற்ற தம் மக்களே அவர்கள். இந்திய நூல் வெளிவந்த ஈராண்டுகளில், 1953இல், பாண்டுக் கல்விச் சட்டம் வந்தது. கறுப்பினக் குழந்தைகளின் தொடக்கக் கல்வியைத் தாய்மொழிக்குள் நிறுத்தி, அவர்களைத் தாழ்ந்த பணிகளுக்கே ஆயத்தப்படுத்த நிறவெறி அரசு முனைந்தது. தாய்மொழியை அரசு வேலியாக்கியது. ஜபாவுவோ அதே மொழியைச் சாளரமாக்கியிருந்தார்.

அவருடைய இந்திய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2020இல்தான் வெளிவந்தது. கோசா வாசகர் 69 ஆண்டுகளுக்கு முன்பே அதனைப் படித்துவிட்டனர்.

தாய்மொழி வகுப்பில் வீட்டையும் விழாவையும் மட்டுமே எழுதச் சொன்னால், மாணவர்க்கு அம்மொழி வீட்டளவே நின்றுவிடும். உலகையும் அதில் எழுதச் சொல்லுதல் ஆசிரியர் கடன்.