குதிரை இழுத்த கட்டையும் டிராக்டர் பிளேடும்

டவுன்லேர்ந்து வந்து நிலம் வாங்கியிருக்கிற நண்பர்கள் அடிக்கடி கேக்கறது: "மழை வந்தா பாதையில கார் போக மாட்டேங்குது, இன்னும் ரெண்டு லோடு கிராவல் கொட்டிடலாமா?" கொட்டலாம். அடுத்த ஐப்பசிக்கு மறுபடியும் கொட்டணும். இதே பாட்டை நூறு வருஷத்துக்கு மேல முன்னாடி அமெரிக்க விவசாயிகளும் பட்டாங்க.

1896-ல அங்க கிராமங்களுக்கு வீட்டு வாசல்ல தபால் கொடுக்கற திட்டம் ஆரம்பிச்சது. ரோடு மோசமா இருக்கிற பக்கம் தபால்காரர் வரமாட்டார். அதனால மண் ரோடுங்கிறது வெறும் வண்டித்தடமா இல்லாம, கடுதாசி, பேப்பர் எல்லாம் வர்ற வழியாயிடுச்சு. அதே வருஷம் மிசௌரி மாநிலம் மெயிட்லண்ட் பக்கத்து விவசாயி டி. வார்டு கிங், தன் பண்ணைக்கு முன்னால இருந்த சேத்து ரோட்டுல கட்டைகளைக் கட்டி குதிரையை விட்டு இழுத்துப் பார்த்தார்.

பின்னாடி அவர் பரப்பினது ரொம்ப எளிமையான கருவி. 7, 8 அடி நீளமும் 10, 12 அங்குலம் கனமும் உள்ள மரத்தை நெடுக்குவாட்டுல ரெண்டாப் பிளக்கணும். தட்டையான பக்கம் முன்னால பார்க்கிற மாதிரி, 30 அங்குல இடைவெளியில ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா சட்டம் அடிச்சு இணைக்கணும். நம்ம பரம்புக்கு ஒரு அண்ணன்னு வெச்சுக்குங்க. நேரா இழுக்காம கொஞ்சம் சாய்ச்சு இழுத்தா, மண் ஓரத்துலேர்ந்து நடுவுக்கு நகரும். நடு உயர்ந்தா தண்ணி ரெண்டு பக்கமும் வடியும்.

சூட்சுமம் நேரத்துல இருந்தது. மழைக்கு அப்புறம் ஈரம் இருக்கும்போதே இழுத்தா களிமண் பூசின மாதிரி படிஞ்சு, வெயில்ல இறுகிடும். அடுத்த மழை உள்ள இறங்காது. 1908-ல அமெரிக்க விவசாயத் துறையே இதைப்பத்தி கிங் எழுதின சிறு வெளியீட்டைப் போட்டுச்சு.

1939-ல ஃபோர்டு டிராக்டர்ல ஹாரி ஃபெர்குசனோட மூணு பாயிண்ட் ஹைட்ராலிக் வந்தது. சீட்ல உக்காந்துகிட்டே பிளேடைத் தூக்கலாம், இறக்கலாம். வசதிதான். ஆனா அனுபவமில்லாத டிரைவர் கையில அதே லீவர் ரோட்டை அலையலையா வெட்டியும் வெச்சிடும். கட்டைக்கு அந்தச் சேட்டை தெரியாது.

இப்ப எதை வாங்கறது? வெறும் மண் பாதைக்கும், நடு உயர்த்தி ஓரத்துல வாய்க்கால் எடுக்கவும், கோணம் திருப்பக்கூடிய பின்பக்க பிளேடு போதும். நம்ம பக்கம் டெரசர் பிளேடுன்னு விக்கிறாங்க. கிராவல் பாதையில குழி விழுந்திருந்தா கதை வேற. குழியில மண்ணை ரொப்பினா நாலு வண்டி போனதும் திரும்பக் குழி. அடிமட்டம் வரைக்கும் கிளறிட்டுத்தான் நிரவணும். அதுக்குப் பல்லு வெச்ச பெட்டி பிளேடு நல்லது. ஆனா அதைச் சாய்கோணத்துல திருப்ப முடியாது. மேடு தட்டி சமமாக்க மட்டும்னா, ரெண்டு பிளேடு முன்னும் பின்னுமா வெச்ச சறுக்குச் சட்டம் வெளிநாட்டுல வருது. பார்த்தா கிங்கோட கட்டையேதான், இரும்புல.

வாடகைக்கு எடுக்கறவங்க, கோணம் மாத்தற பின்னு கழலுதான்னு முதல்ல பாருங்க. துருப்பிடிச்சு இறுகியிருந்தா வேற வண்டி சொல்லிடுங்க.