ஹைட்ரஜன் சிவப்பைத் தேடி: குண்டூரிலிருந்து டெல்லிக்கு

டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராவின் சென்சாருக்கு முன்னால் இளநீலம் பாய்ந்த சிறு கண்ணாடித் தகடு ஒன்று இருக்கும். அகச்சிவப்புக் கதிர்களை மறித்து, முகமும் பட்டுப்புடவையும் கண்ணுக்குத் தெரிகிற நிறத்திலேயே படத்தில் விழும்படி பார்த்துக்கொள்வது அதன் வேலை. அந்த வேலையில் அது சற்று அதிகமாகவே கறார். ஆழ்ந்த சிவப்பிலும் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் வரும் ஒளியில் ஏறக்குறைய கால் பங்குதான் சென்சாரை எட்டும். விண்வெளியின் ஹைட்ரஜன் மேகங்கள் பளிச்சென்று ஒளிர்வதோ அந்த அலைநீளத்தில்தான். அதனால் நெபுலாக்களைப் படமெடுக்கக் கிளம்பியவர்கள் கேமராவைப் பிரித்து அந்தத் தகட்டையே கழற்றினார்கள். டெல்லியில் இந்தப் பழக்கம் டிஜிட்டல் கேமராவோடு வந்தது. ஆனால் அதே சிவப்பை இந்திய மண்ணிலிருந்து பிடிக்கும் முயற்சிக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வயது.

1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் தென்னிந்தியாவைக் கடந்தது. அதைப் பார்க்க ஆந்திரத்தின் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் பியர் ஜான்சன் முகாமிட்டிருந்தார். முன்பு சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்த ராணுவப் பொறியாளர் ஜேம்ஸ் டெனன்ட்டின் குழுவும் அங்கே இருந்தது. சூரியனின் விளிம்பில் எழுந்த சுவாலைகளை நோக்கி ஜான்சன் நிறமாலைமானியைத் திருப்பியபோது ஹைட்ரஜனின் கோடுகள் தெரிந்தன. அவற்றில் முதன்மையானது அந்தச் சிவப்புக் கோடு. அது எவ்வளவு பிரகாசமாக இருந்ததென்றால், மறுநாள் கிரகணமே இல்லாத பட்டப்பகலிலும் அவரால் சுவாலைகளைத் தொடர்ந்து ஆராய முடிந்தது.

டெனன்ட்டின் குழு அதே சுவாலைகளைப் புகைப்படம் எடுத்தது. அன்று கையில் இருந்தது ஈரக் கொலோடியன் தகடு. கண்ணாடியில் ரசாயனத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே கழுவியும் ஆக வேண்டும். அதற்குச் சிவப்பு தெரியாது. நீலமும் ஊதாவும்தான் தெரியும். கண் சிவப்பாகப் பார்த்த சுவாலையை, அதிலிருந்து வந்த நீல ஒளியைக் கொண்டுதான் தகடு பதித்தது.

இந்தக் குறை நெடுநாள் நீடித்தது. 1880 செப்டம்பர் 30 அன்று அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர் 51 நிமிடம் ஒளி விழச்செய்து ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம்பிடித்தார். அந்த உலர் தகடும் சிவப்புக்குக் குருடுதான். நவாப் ஜாஃபர் ஜங் 1901-ல் ஹைதராபாத்தில் தொடங்கிய நிஜாமியா வானாய்வகம், வானம் முழுவதையும் தகடுகளில் பதிக்கும் உலகத் திட்டத்தில் தனக்கென ஒரு பட்டையைப் பெற்று ஆண்டுக்கணக்கில் படமெடுத்தது. அவையும் நீல ஒளித் தகடுகளே.

சிவப்பை உணரவைக்கும் பினாசயனால் என்ற சாயம் 1905-ல் கிடைத்த பிறகு நிலைமை மாறியது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1912 முதல் அந்த ஹைட்ரஜன் சிவப்பில் மட்டும் சூரியனைப் படமெடுத்துச் சேர்க்கத் தொடங்கியது. பல தலைமுறைப் பணியாளர்கள் விடாமல் எடுத்த அந்தப் படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் இன்று டிஜிட்டலாக்கியிருக்கிறது. சூரியனுக்கு அப்பால் உள்ள ஹைட்ரஜன் மேகங்களுக்கான முக்கியப் பட்டியல் 1959-ல் அமெரிக்காவில் வெளியானது. பாலோமர் ஆய்வகத்தின் சிவப்புத் தகடுகளை அலசி ஸ்டூவர்ட் ஷார்ப்லெஸ் 313 மேகங்களைக் குறித்திருந்தார். டெல்லியின் படக்காரர்கள் இன்றும் 'எஸ்எச்2' என்ற முன்னெழுத்தோடு தேடுவது அந்தப் பட்டியலைத்தான்.

டெல்லிக்கு வானத்தோடு பழைய உறவு உண்டு. இரண்டாம் ஜெய்சிங் 1724-ல் எழுப்பிய ஜந்தர் மந்தர் இன்றும் கன்னாட் பிளேஸ் அருகே நிற்கிறது. ஆனால் அது வெறுங்கண்ணால் நேரத்தையும் கோணத்தையும் அளக்கக் கட்டியது. நகரத்தின் பொழுதுபோக்கு வானியலாளர்களுக்கு நிலையான ஓர் இடம் தந்தது 1984-ல் தீன் மூர்த்தி வளாகத்தில் திறக்கப்பட்ட நேரு கோளரங்கம். 1986-ல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தது. 1995 அக்டோபரில் ராஜஸ்தான் வழியாக முழுச் சூரிய கிரகணம் சென்றது. இரண்டுமே கேமராவை வானத்துக்குத் திருப்பும் ஆசையைப் பலருக்கு ஊட்டின.

ஃபிலிம் காலத்தில் அந்த ஆசைக்குப் பொறுமை அதிகம் வேண்டும். மங்கலான ஒளியில் நேரம் ஆக ஆக ஃபிலிமின் உணர்திறன் சரியும். அதைத் தடுக்க, கோடாக்கின் டெக்னிக்கல் பான் ஃபிலிமை ஹைட்ரஜன் கலந்த வாயுவில் சூடாக்கி ஊறவைப்பார்கள். ஹைட்ரஜனின் ஒளியைப் பிடிக்க ஹைட்ரஜனே மருந்து. பிறகு ஒரு மணி நேரம் கண்ணை ஐபீஸிலிருந்து எடுக்காமல் ஒரு விண்மீனைக் குறுக்குக் கோட்டிலேயே வைத்திருக்க வேண்டும். ரோலின் முதல் படத்தைப் பகலில் எடுப்பது இன்னொரு வழக்கம். இல்லாவிட்டால் கறுப்பு வானத்தில் எல்லை தெரியாமல் லேப்காரர் நெகட்டிவை நடுவில் வெட்டிவிடுவார்.

2003-ல் கேனான் 300டி வந்து டிஎஸ்எல்ஆரின் விலையை இறக்கியது. ஒரு மணி நேரப் படத்துக்குப் பதிலாகச் சில நிமிடப் படங்கள் பல எடுத்துக் கணினியில் அடுக்கினால் போதும் என்றானது. மிச்சமிருந்த தடை அந்த இளநீலத் தகடுதான். வானுக்கென்றே கேனான் 2005-ல் 20டிஏ கேமராவையும், 2012-ல் 60டிஏ கேமராவையும் கொண்டுவந்தது; 2015-ல் நிக்கானின் டி810ஏ வந்தது. சாதாரண மாடலைவிட விலை கூடுதல். கையிலிருக்கும் பழைய கேமராவை மாற்றிக்கொள்வது மலிவு.

ஆனால் துணிச்சல் வேண்டும். அடிப்பக்கத் திருகுகளை வெவ்வேறு நீளங்கள் கலந்துவிடாமல் வரிசையாகத் தாளில் ஒட்டிவைக்க வேண்டும். ஃபிளாஷ் கெபாசிட்டர் சுமார் 300 வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றினாலும் ஷாக் அடிக்கும். பட்டை ஒயர்களை ஒவ்வொன்றாக விடுவித்து, சென்சாரைத் தூக்கி, தகட்டை நெம்பி எடுக்க வேண்டும். காலியான இடத்தில் ஹைட்ரஜன் சிவப்பை விட்டு அகச்சிவப்பை மட்டும் தடுக்கும் வேறு ஃபில்டரைப் பொருத்துவார்கள். சும்மா விட்டால் ஃபோகஸ் விழும் இடமே மாறிவிடும்.

கேமரா தயாரான பிறகும் டெல்லி வானம் தயாராக இருப்பதில்லை. ஓரியன் உச்சிக்கு வரும் டிசம்பரில் புகைமூட்டம். பால்வெளியின் மையம் மேலெழும் ஜூலையில் பருவமழை. கோடை இரவிலோ சென்சாரின் வெப்ப இரைச்சல் ஏறும். ஏறக்குறைய 6 டிகிரிக்கு ஒருமுறை அது இரட்டிக்கும். 2015-ல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தில் சோடியம் விளக்குகளுக்குப் பதில் எல்இடி வந்தது. சோடியத்தின் மஞ்சளை மட்டும் வடிகட்டிய பழைய ஃபில்டர்களுக்கு, நிறமெல்லாம் கலந்த வெள்ளை ஒளி பிடிபடவில்லை. 656.3 நானோமீட்டரைச் சுற்றிய மெல்லிய பட்டையை மட்டும் விடும் குறும்பட்டை ஃபில்டரோ நகரத்து மொட்டைமாடியிலும் பலன் தருகிறது.

மற்றவர்கள் அமாவாசை வாரங்களில் ராஜஸ்தானின் சரிஸ்கா பக்கமோ குமாவோன் மலைக்கோ வண்டி கட்டுகிறார்கள். உலக இரவு வானப் படக்காரர்களின் 'தி வேர்ல்ட் அட் நைட்' குழுவில் இருக்கும் அஜய் தல்வார் டெல்லிக்காரர். 2022-ல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட லடாக்கின் ஹான்லே, சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், இப்போது இவர்களின் யாத்திரைத் தலம்.

திருப்புளியின் காலம் முடிந்துவருகிறது. குளிரூட்டிய தனி வானியல் கேமராக்கள் விலை இறங்கிவிட்டன. 2023-ல் வந்த சீஸ்டார் எஸ்50 போன்ற கையடக்கத் தொலைநோக்கிகளில் ஹைட்ரஜன் சிவப்புக்கான ஃபில்டர் உள்ளேயே இருக்கிறது. மொபைலில் தட்டினால் படம் தானே அடுக்கிக்கொள்ளும். பிரித்து மாற்றிய கேமராவைப் பகல் வேலைக்கு யாரும் வாங்குவதில்லை, அதில் எடுத்தால் மணமக்கள் முகம் செக்கச்செவேலென்று விழும். அதை வாங்க வருபவர் பெரும்பாலும் புதிதாக வானம் பார்க்கத் தொடங்கிய இன்னொருவர்தான்.