ஹீலியம் பிடிபட்ட கதை

சித்திரை மாத நள்ளிரவில் தமிழ்நாட்டின் இண்டூர் வயல்வெளியிலிருந்து பார்த்தால், தெற்கே அடிவானத்துக்கு 30 பாகை மேலே மங்கலாக ஒரு புள்ளி தெரியும். நூற்றாண்டுக்கணக்கில் அதை ஒற்றை நட்சத்திரம் என்றே குறித்து வைத்திருந்தார்கள். 1677-இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து அதைத் தொலைநோக்கியில் பார்த்த வானியலாளர் எட்மண்ட் ஹாலிக்குச் சந்தேகம் தட்டியது.

அது நட்சத்திரமே அல்ல. ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள் பந்தாகத் திரண்ட கோளக் கொத்து, ஒமேகா சென்டாரி. ஒரே வாயு மேகத்தில் பிறந்தவை என்பதால் இப்படிப்பட்ட கொத்தில் எல்லா நட்சத்திரங்களின் வேதிக் கலவையும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பினார்கள். 1975-இல் வானியலாளர்கள் ஃப்ரீமனும் ராட்ஜர்ஸும் அளந்து பார்த்தார்கள். கால்சியம் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் மாறியது!

அந்தக் காலத்தில் ஜவ்வாது மலையின் காவலூரில் வானியலாளர் வைணு பாப்பு வேறொரு கனவில் இருந்தார். தென்வானமும் நன்றாகத் தெரிய வேண்டும் என்றே அவர் அந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார். 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கிய இடத்தில், 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே கட்டி நிறுத்தத் துணிந்தார். அதன் ஆடியை பெங்களூரில் இழைத்து மெருகேற்றினார்கள். வேலை முடியும் முன்பே, 1982 ஆகஸ்டில், மியூனிக் நகரில் பாப்பு காலமானார்.

சகாக்கள் விடவில்லை. 1986 ஜனவரி 6 அன்று அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி அந்தத் தொலைநோக்கியை அர்ப்பணித்து, அதற்குப் பாப்புவின் பெயரையே சூட்டினார். ஒமேகா சென்டாரியோ இன்னும் பெரிய புதிரை ஒளித்து வைத்திருந்தது.

2004-இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் கொத்தின் சாதாரண நட்சத்திரங்கள் இரண்டு வரிசைகளாகப் பிரிந்து தெரிந்தன. உலோகம் குறைந்த வரிசைதான் நீலம் கூடியதாக இருக்க வேண்டும், அளந்தால் தலைகீழ். நீல வரிசையில் ஹீலியம் மிகுந்திருந்தால் மட்டுமே கணக்கு ஒத்துவந்தது. ஆனால் நுட்பமாக அளக்கும் அளவுக்கு ஒளிமிக்க சிவப்பு ராட்சத நட்சத்திரங்களின் குளிர்ந்த மேற்பரப்பில் ஹீலியம் தன் நிறமாலைக் கோடுகளைக் காட்டுவதில்லை. கண்ணில் படாததை எப்படி அளப்பது?

இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பி.பி. ஹேமாவும் கஜேந்திர பாண்டேயும் காவலூர் தொலைநோக்கியில் சுற்றுவழி பிடித்தார்கள். நிறமாலையின் பச்சைப் பகுதியில் மக்னீசியம் அணுவின் மூன்று கோடுகள் விழும். பக்கத்திலேயே மக்னீசியம் ஹைட்ரைடு மூலக்கூறின் பட்டை. மூலக்கூறு உருவாக ஹைட்ரஜன் வேண்டும். கொத்தின் நான்கு ராட்சதர்களில் அணுக்கோடுகள் அழுத்தமாக இருந்தும் பட்டை நலிந்தோ, காணாமலோ போயிருந்தது. குறைந்தது மக்னீசியம் அல்ல, ஹைட்ரஜன். அப்படியானால் அதன் இடத்தில் இருப்பது ஹீலியமாகத்தான் இருக்க வேண்டும்! 2014-இல் முடிவு வெளியானது.

சோதனை பாக்கி இருந்தது. நால்வரில் இருவரைத் தென்னாப்பிரிக்காவின் சால்ட் தொலைநோக்கியில் இன்னும் நுட்பமாகப் பார்த்தார்கள். ஹைட்ரஜனுக்கு ஹீலியம் வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு, 0.10. 2020-இல் வெளியான கணக்கில் ஒன்றுக்கு 0.15, மற்றதற்கு 0.20. ஒப்பிட எடுத்த, அதே கொத்தின் வேறு இரண்டு நட்சத்திரங்களில் அதே முறை காட்டியது அச்சு அசலாக 0.10.